அட்டை இருக்கிறது, பட்டியல் எங்கே?

லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், சாத்தாங்குப்பம், வைரவன்குப்பம் என்று பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற நம் ஊர்களில், ஏதாவது ஒரு கட்சியின் உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



எந்தக் கட்சி அட்டை என்று நான் கேட்கப்போவதில்லை. ஒரே வீட்டில் அப்பாவுக்கு இரட்டை இலை, மகனுக்கு உதயசூரியன், மருமகனுக்குப் புதுக் கட்சி என்று இருப்பதெல்லாம் நம் பக்கம் புதிதில்லை. சோறு ஒரே பானையில்தான். நான் கேட்க வந்தது வேறு. உங்கள் கட்சிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கடலில் இருந்திருப்பீர்கள். இல்லையென்றால் டி.வி. முன்னால் இருந்திருப்பீர்கள். "ஒருமனதாகத் தேர்வு" என்று கீழே ஓடிய எழுத்தைப் படித்திருப்பீர்கள். அந்த ஒருமனதில் உங்கள் மனது எப்போது சேர்ந்தது?

"தலைவர் யாராக இருந்தால் நமக்கென்ன, முகத்துவாரம் தூர்ந்து கிடக்கிறதே, அதைப் பேசு" என்று சிலர் சொல்வீர்கள். அதைப் பேசத்தான் இதைப் பேசுகிறேன். முகத்துவாரம் தூர்வதையும், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தையும், கரை அரிப்பையும் சட்டமன்றத்தில் யார் பேசுவது என்பதை முதலில் முடிவு செய்வது நாம் போடும் ஓட்டு இல்லை. படிவம் ஏ, படிவம் பி என்று இரண்டு தாள்கள் உண்டு. இன்னாருக்குத்தான் எங்கள் சின்னம் என்று கட்சித் தலைமை கையெழுத்துப் போட்டு தேர்தல் அதிகாரியிடம் கொடுக்கும் தாள்கள் அவை. அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான் வேட்பாளர் நம் தெருவுக்கு வந்து கும்பிடுவார். ஜெயித்துப் போனவரும் சபையில் தலைமையின் கொறடா சொல்கிறபடிதான் ஓட்டுப் போட வேண்டும். மீறினால் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறித்துவிடும். 2017 செப்டம்பரில் அதே சட்டத்தின் கீழ் 18 எம்.எல்.ஏ.க்கள் ஒரே நாளில் பதவி இழந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பொன்னேரி சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி, திருவள்ளூர் மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடலுக்குப் போகிற நம்மில் பெரும்பாலோர் அங்கே வேட்பாளராக நிற்க முடியாது. ஆகவே கட்சிக்குள் நமக்கு ஒரு குரல் இருந்தால்தான் வேட்பாளர் யார், அவர் எதைப் பேசுவார் என்பதில் நம் பேச்சு எடுபடும். மீனவர் அணியில் பொறுப்பும், மேடையில் ஓரத்து நாற்காலியும், மாநாட்டுக்கு இரண்டு வேனும் வாங்கிக்கொண்டு வருவதைக் குரல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தலைமைச் சண்டை கடைசித் தொண்டனை எப்படி அடிக்கிறது என்பதற்கு அ.தி.மு.க.வில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்தக் கட்சியை இழிவுபடுத்த இல்லை. தமிழ்நாட்டுப் பெரிய கட்சிகளில் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஏட்டளவில் மிக நல்ல விதி வைத்திருந்த கட்சி அதுதான்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கினார். பொதுச்செயலாளரைக் கட்சியின் அடிப்படை உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சியின் விதி. பொதுக்குழுவுக்கு எந்த விதியையும் மாற்றும் அதிகாரம் உண்டு, இந்த ஒன்றைத் தவிர என்றும் பூட்டுப் போட்டு வைத்தார்கள். தி.மு.க.வில் பொதுக்குழுதான் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். காங்கிரசில் பிரதிநிதிகள். இங்கே மட்டும் வலை பின்னுகிறவருக்கும் மீன் கூடை சுமக்கிறவருக்கும் ஓட்டு. படிக்கப் படிக்க இனிக்கிறது. ஆனால் ஜெயலலிதா ஒவ்வொரு முறையும் போட்டியின்றியே வந்தார். எதிர்த்து மனுப் போட யாருக்கும் துணிவில்லை, பலருக்கு ஆசையும் இல்லை. ஆகவே ஓட்டுப் பெட்டிக்கு வேலை வரவில்லை.

2016 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். அந்த மாதக் கடைசியில் பொதுக்குழு சசிகலாவை இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆக்கியது. 2017 பிப்ரவரி 7 இரவு சசிகலாவை எதிர்த்துப் பன்னீர்செல்வம் மெரினாவில் அம்மா சமாதியின் முன் உட்கார்ந்தார். சசிகலா பக்கத்து எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதிக்குப் போனார்கள். அதுவும் நம் கடற்கரைதான், தெற்கே. அந்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று பொதுக்குழு கூடி, ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று சொல்லி, பன்னீர்செல்வம் ஒருங்கிணைப்பாளர், பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு நாற்காலி போட்டது. பூட்டி வைத்த விதி அப்படித் திறந்துகொண்டது. 2021 டிசம்பரில் அந்த இரண்டு பதவிக்கும் உறுப்பினர்கள் ஒரே ஓட்டாகப் போட வேண்டும் என்று மாற்றித் தேர்தல் அறிவித்தார்கள். வேட்புமனு வாங்க ராயப்பேட்டை அலுவலகத்துக்குப் போன ஒரு தொண்டரை அடித்துத் துரத்தினார்கள். இருவரும் போட்டியின்றித் தேர்வானார்கள்.

அடுத்த ஆண்டு ஒற்றைத் தலைமைக் கூச்சல் வந்தது. 2022 ஜூன் 23, வானகரம் மண்டபம். பன்னீர்செல்வத்தை நோக்கித் தண்ணீர் பாட்டில் பறந்தது. ஜூலை 11 அன்று அதே மண்டபத்தில் பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனார். பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். அதே நேரத்தில் ராயப்பேட்டையில் கல்லும் கட்டையும் பறந்தன. இதையெல்லாம் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பலர் கவனிக்காமல் விட்டது, அந்த இரண்டு கூட்டங்களுக்கும் நடுவே ஜூலை 9 அன்று நடந்த உள்ளாட்சி இடைத்தேர்தலைத்தான். வார்டில் நின்ற அ.தி.மு.க.வினருக்கு இரட்டை இலை கிடைக்கவில்லை. படிவத்தில் இரண்டு தலைவர்களும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் போடத் தயார் என்றார். மற்றவர், உங்கள் பதவியே காலாவதி ஆகிவிட்டது என்று பதில் கடிதம் எழுதினார். கீழே நின்றவர் சுயேச்சைச் சின்னத்தோடு வீடு வீடாகப் போய், நான் அந்தக் கட்சிதான் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரி 23 அன்று ஜூலைப் பொதுக்குழு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மார்ச்சில் பொதுச்செயலாளர் தேர்தல் அறிவித்தார்கள். அடிப்படை உறுப்பினர்கள் ஓட்டு, 26 அன்று வாக்குப்பதிவு, மறுநாள் எண்ணிக்கை. எம்.ஜி.ஆர். போட்ட விதி ஐம்பது ஆண்டு கழித்து உயிரோடு எழுந்து வருகிறதோ என்று கூட எனக்குத் தோன்றியது. ஆனால் மனுப் போட வேண்டுமானால் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், வேறு பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். தலைமைக் கழகப் பொறுப்பில் ஐந்தாண்டு இருந்திருக்கவும் வேண்டும். மாவட்டச் செயலாளரை வைப்பதும் எடுப்பதும் தலைமை. தலைமையை எதிர்த்து நிற்க இருபது மாவட்டச் செயலாளர்கள் யாருக்குக் கையெழுத்துப் போடுவார்கள்? ஒரே ஒருவர்தான் மனுப் போட்டார். உயர் நீதிமன்ற உத்தரவு வந்த மார்ச் 28 அன்று பழனிசாமி பொதுச்செயலாளராக அறிவிக்கப்பட்டார்.

கணக்கைப் பாருங்கள். அந்தக் கட்சி தனக்கு ஒன்றரைக் கோடி உறுப்பினர்கள் என்று சொல்லி வந்தது. பொதுக்குழுவில் இருந்தவர்கள் 2,665 பேர். ஆறு ஆண்டுச் சண்டையில் அந்த 2,665 பேரின் கையெழுத்தை இரண்டு பக்கமும் எண்ணின, நீதிமன்றமும் பார்த்தது. ஒன்றரைக் கோடியை யாரும் எண்ணவில்லை.

ஏன் எண்ணவில்லை? எண்ணிப் பார்க்க நம் கண்ணுக்குத் தெரிகிற பட்டியல் எந்தக் கட்சியிலும் இல்லை. இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அட்டை நம் கையில் இருக்கிறது. அந்த அட்டைக்குரிய பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, அது யார் அலமாரியில் இருக்கிறது என்று கிளைச் செயலாளருக்கே தெரியாது. சட்டமன்றத் தேர்தல் என்றால் வாக்காளர் பட்டியல் பள்ளிக்கூடத்தில் ஒட்டப்படும். செத்துப்போனவர் பெயர் இருந்தால் நீக்கச் சொல்லலாம், விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லலாம். கட்சிப் பட்டியலுக்கு அப்படி ஒரு நாளும் இல்லை, ஒரு சுவரும் இல்லை.

உறுப்பினர் யார் என்பதே இப்போது குழப்பம். 2014-இல் பா.ஜ.க. மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்றது. கை தவறிப் போன் பட்டு உறுப்பினர் ஆனவர்களும் உண்டு என்று கேலி பேசினோம். 2025-இல் தி.மு.க.வின் 'ஓரணியில் தமிழ்நாடு' இயக்கத்தில் வீடு வீடாக வந்து சேர்த்தார்கள். போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கக் கூடாது என்று ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. சேர்ப்பதில் எல்லாக் கட்சிக்கும் வேகம் இருக்கிறது. சேர்ந்தவருக்கு ஓட்டு உண்டா என்று கேட்டால்தான் சத்தம் இல்லை.

"போட்டி வைத்தால் கட்சி உடையும்" என்பது நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பதில். காமராசரைக் கேட்போம். 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்கு அவரும் சி.பி. சுப்பையாவும் போட்டியிட்டார்கள். காமராசருக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்று ஓட்டு. அதற்கு முன் சத்தியமூர்த்தி தலைவராகவும் காமராசர் செயலாளராகவும் இருந்தவர்கள். இப்போது தொண்டன் தலைவரானார், குரு அவருக்குக் கீழே செயலாளர் ஆனார். முகம் சுளிக்காமல் ஆனார். 1954-இல் ராஜாஜி விலகியபோது சட்டமன்றக் கட்சித் தலைவருக்கு மறுபடி போட்டி. காமராசருக்கு 93, சி. சுப்பிரமணியத்துக்கு 41. தோற்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் கூப்பிட்டு அமைச்சர் ஆக்கினார் காமராசர். அந்த அமைச்சரவையை இன்றைக்கும் பேசுகிறோம். மேலே சொன்ன ஒருமனதுத் தேர்வுகளில் எத்தனை, ஐந்து ஆண்டு தாங்கின?

அதே காங்கிரஸ் 2022-இல் தலைவர் தேர்தல் நடத்தியது. கார்கே 7,897, சசி தரூர் 1,072. போட்டி நடந்தது, நல்லது. ஆனால் அதற்கு முன் நடந்த சின்னச் சண்டைதான் நம் விஷயம். ஓட்டுப் போடும் பிரதிநிதிகள் யார் என்ற பட்டியலை வெளியிடுங்கள் என்று தரூர், நம் சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம் உட்பட ஐந்து எம்.பி.க்கள் தலைமைக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பொதுவில் வெளியிட மாட்டோம், போட்டியிடுகிறவர் அலுவலகத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கையில் வந்த பட்டியலில் பலருக்குப் போன் எண்கூட இல்லை என்று பிறகு தரூர் சொன்னார். எம்.பி.க்கே இந்த நிலை என்றால் கூனங்குப்பத்து அட்டைக்காரர் எந்த மூலை?

பட்டியல் சரியில்லாமல் ஓட்டு நடத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். 2024 ஜனவரி 21 அன்று திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தலைவருக்கு ஓட்டெடுப்பு நடத்தியது. 1949-இல் செல்வநாயகம் தொடங்கிய கட்சி, அதுவரை எல்லாம் பேசி முடித்தே வந்த கட்சி. சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. தோற்றவர் அன்றைக்கே வாழ்த்துச் சொன்னார். எல்லாரும் மெச்சினார்கள். ஒரு மாதத்துக்குள் வழக்கு வந்தது, கூட்டமும் தேர்வும் விதிப்படி நடக்கவில்லை என்று. மாநாட்டுக்கு நீதிமன்றம் தடை போட்டது. ஓட்டில் ஜெயித்தவர் பதவியில் உட்காரவே முடியவில்லை. இதைக் காட்டி "பார்த்தீர்களா, ஓட்டு என்றாலே இதுதான்" என்று சொல்வார்கள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். யாருக்கு ஓட்டு என்பதை ஓட்டுக்கு முன்னால் ஊரறியத் தீர்க்காவிட்டால், ஓட்டுக்குப் பின்னால் கோர்ட்டில் தீர்க்க வேண்டி வரும்.

இது நமக்குத் தெரியாத சங்கதியா? ஏரியில் பாடு இருக்கிற ஊர்க்காரர்களைக் கேளுங்கள். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போடுவதற்கு முன்னால், பாட்டில் பங்குள்ள தலைக்கட்டு யார் யார் என்பது முடிவாகியிருக்கும். சீட்டில் நல்ல இடம் விழாதவன் முணுமுணுப்பான், ஆனால் சீட்டைக் கிழிக்க மாட்டான். அவன் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அடுத்த சுற்று வரும் என்று அவனுக்குத் தெரியும். சண்டை வந்ததெல்லாம் பெரும்பாலும் பட்டியலில் இடமில்லாதவர்களோடுதான். பாடு முறையை நான் மாலை போட்டுக் கும்பிடவும் இல்லை. அந்தப் பட்டியலில் பெண் பெயர் இல்லை. ஊர்க்கூட்டத்திலும் அக்காமார் தள்ளி நின்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. கட்சி அட்டையில் மட்டும் ஆணும் பெண்ணும் சமம். மாநாட்டு வேனில் முன்வரிசைக்குக் கூப்பிடுவதும் உங்களைத்தான். ஆகவே இதை முதலில் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன் அக்கா.

உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டால் எப்போதும் நல்லவர்தான் வருவார் என்று நான் சொல்லவில்லை. 2022-இல் பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் 81,326 ஓட்டுப் போட்டு லிஸ் டிரஸ்ஸைக் கொண்டுவந்தார்கள். ரிஷி சுனக்குக்கு 60,399. டிரஸ் பிரதமராக இருந்தது 49 நாள். ஆனால் அந்தத் தவறு யார் செய்தது என்று அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த முறை அவர்கள் யோசிப்பார்கள். நம் கட்சிகளில் தலைவர் தவறாக அமைந்தால் யாரைக் கேட்பது? 2,665 பேரில் ஒருவரையாவது நமக்குத் தெரியுமா?

அரசாங்கம் இதில் நமக்கு உதவாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கட்சியைப் பதிவு செய்வது தேர்தல் ஆணையம். உட்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தவில்லை என்று பதிவை நீக்க அதற்கு அதிகாரம் இல்லை. 2002-இல் உச்ச நீதிமன்றமே, சில விதிவிலக்குகள் தவிர, பதிவை நீக்கும் அதிகாரத்தை மறுத்துவிட்டது. ஆணையத்தால் கடிதம் எழுத முடியும். நம் ஏரியின் பெரும்பகுதி இருக்கிற ஆந்திரத்தில், 2022-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஜெகன்மோகனை ஆயுட்காலத் தலைவர் ஆக்கியதாகச் செய்தி வந்தபோது, அது ஜனநாயகத்துக்கு விரோதம் என்று ஆணையம் எழுதியது. அவ்வளவுதான் அதன் கை நீளும். மீதிக்கு அட்டை வைத்திருக்கிற நாம்தான் இருக்கிறோம்.

பெரிய புரட்சி எதுவும் செய்யச் சொல்லவில்லை. அடுத்த முறை உறுப்பினர் புதுப்பிப்புக்குப் படிவத்தோடு ஆள் வருவார். வழக்கம்போல் போட்டோவும் ஆதார் நகலும் கேட்பார். கொடுங்கள். கொடுத்துவிட்டு, கட்சியின் விதிப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். தலைவர் தேர்தலில் எனக்கு ஓட்டு உண்டா, இல்லையென்றால் எனக்காக ஓட்டுப் போடுகிறவர் பெயர் என்ன, அவரை யார் தேர்ந்தெடுத்தது என்று கேளுங்கள். நம் கிளையின் உறுப்பினர் பட்டியலைத் தட்டச்சு செய்து ஊர்ப் பொதுச் சுவரில் ஒரு வாரம் ஒட்டச் சொல்லுங்கள். வந்தவர் பாவம், ஒன்றியச் செயலாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். கேட்கட்டும். மீஞ்சூர் ஒன்றியத்தில் ஒரே மாதத்தில் இருபது குப்பத்திலிருந்து அதே கேள்வி போனால் அது மாவட்டத்துக்குப் போகாமல் இருக்காது. எதிர்க்கட்சிக்காரன் தூண்டிவிட்டான் என்று சொல்லக்கூடும். அதனால்தான் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதியிருக்கிறேன்.

அப்படி ஒரு நாள் எந்தக் கட்சியாவது நிஜமாகவே ஓட்டுப் பெட்டியை இங்கே அனுப்பினால், நேரத்தை மட்டும் நாமே சொல்லிவிடுவோம். காலை எட்டு மணி என்று போட்டால் போட்டுகள் கடலில் இருக்கும், அக்காமார் மீன் கூடையோடு சந்தையில் இருப்பார்கள், பெட்டிக்கு முன்னால் வெள்ளை வேட்டிகள் மட்டும்தான் நிற்கும். பிற்பகல் மூன்றிலிருந்து இரவு எட்டு வரை, பள்ளிக்கூடத்தில், விளக்கு வசதியோடு வைக்கச் சொல்வோம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
லைட்ஹவுஸ் குப்பம்